வாய்ஸ் மெயில் பெட்டியில் விழும் முன் ஒரு போன் கால் எங்கெல்லாம் சுற்றுகிறது

கோயமுத்தூர் கணபதியில் பம்ப்செட் கம்பெனி நடத்தும் ஒரு தம்பி கேட்டிருந்தார். நாலு லேண்ட்லைன், ஆபீஸுக்குள் 16 எக்ஸ்டென்ஷன் போன். இரண்டு மாதம் முன்பு ஆட்டோ அட்டெண்டன்ட்டும் (மெனு சொல்லி அழைப்பைத் தானே திருப்பிவிடும் மெஷின்) வாய்ஸ் மெயிலும் போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து டீலர்கள் "போன் பண்ணினா மெஷின்தானுங்க பேசுது, ஆளே எடுக்க மாட்டேங்கறாங்க" என்கிறார்களாம். வாய்ஸ் மெயிலைத் திறந்தால் பாதி மெசேஜில் "கொய்ங்... கொய்ங்" சத்தம் மட்டும்தான். சிஸ்டம் மோசமா, செட்டிங் மோசமா, உள்ளே வரும் ஒரு கால் உண்மையில் எந்த வழியாகப் போகிறது என்பது அவர் கேள்வி.

இருபது வருஷத்துக்கு மேல் கோவை, திருப்பூர், ஈரோடு என்று, வெளி லைன்களை ஆபீஸ் போன்களோடு இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி மாட்டிக்கொண்டு திரிகிறவன் என்பதால், நேரில் பார்க்காமலே சொல்கிறேன்: பெட்டி நன்றாகத்தான் இருக்கும். போகிற வழியைத்தான் யாரும் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டார்கள். வாய்ஸ் மெயில் என்றால் மெசேஜ் சேர்த்துவைக்கும் டப்பா என்று எல்லோரும் நினைக்கிறோம். அது வேலையின் கடைசிப் பகுதி. அதற்கு முன்னால் ஒரு அழைப்பை யாரிடம், எவ்வளவு நேரம், எந்த வரிசையில் கொண்டுபோவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஆபரேட்டர் இல்லாத போன் எக்ஸ்சேஞ்சே அப்படிப் பிறந்ததுதான். அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டியில் ஈமச்சடங்குத் தொழில் செய்த அல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர், தனக்கு வர வேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் அம்மா போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டு, ஆள் இல்லாமல் தானே இணைக்கும் எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்ததாகக் கதை உண்டு. காப்புரிமை கிடைத்தது 1891-ல். இன்று உங்கள் டீலரும் சந்தேகப்படுகிறார், ஆபரேட்டரை அல்ல, மெஷினை.

சரி, வழியைப் பார்ப்போம். லேண்ட்லைனில் மணி அடிக்கிறது. உங்கள் பெட்டி உடனே எடுத்துவிடக் கூடாது. கூப்பிடுகிறவரின் நம்பர் சில லைன்களில் முதல் மணிக்கு முன்பே வரும், சிலவற்றில் முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில் வரும். வேகமாக எடுக்கிறோம் என்று முதல் மணியிலேயே எடுக்க வைத்தால் நம்பர் வந்து சேராது. பிறகு யார் கூப்பிட்டார் என்ற பதிவே இருக்காது. இரண்டாவது மணி முடிந்து எடுக்கட்டும். இந்த நம்பர் எவ்வளவு முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

எடுத்ததும் வரவேற்பு. இங்கே ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறோம். மெஷின் எடுத்த அந்த நொடியே கால் எடுக்கப்பட்டதாகத்தான் கணக்கு. அவருடைய போனில் நேரம் ஓடத் தொடங்கிவிடும். அதற்கப்புறம் நீங்கள் உள்ளே நாலு இடத்தில் மணி அடிக்க வைத்தாலும், அவரைப் பொறுத்தவரை "எடுத்துட்டு பேசாம வெச்சிருக்காங்க" என்றுதான் அர்த்தம். நிறைய கம்பெனிகளில் முதலில் இங்கிலீஷில் இருபது விநாடி கம்பெனி பெருமை, அப்புறம்தான் தமிழ். குண்டடத்தில் கிணற்று மேட்டில் நின்றுகொண்டு போன் பண்ணுகிற விவசாயி அதற்குள் வைத்துவிடுவார். நான் மாட்டும் இடங்களில் வரவேற்பு எட்டு விநாடியைத் தாண்ட விடுவதில்லை. முதலாளிக்குக் கோபம் வந்தாலும் சரி.

அடுத்து அவர் ஒரு பட்டனை அழுத்துகிறார். ஒவ்வொரு பட்டனும் இரண்டு சத்தங்களைச் சேர்த்து அனுப்புகிறது. 5-ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் ஒன்றாகப் போகும். பேச்சிலோ தறிச் சத்தத்திலோ தற்செயலாக அந்த ஜோடி வருவது அபூர்வம் என்பதால்தான் இரண்டிரண்டாக வைத்தார்கள். ஆனால் இன்டர்நெட் வழியாக வரும் லைனில் குரலை ரொம்பச் சுருக்கி அனுப்பினால் இந்தச் சத்தமும் நசுங்கிவிடும். "ஒண்ணு அழுத்தினனுங்க, ஒண்ணும் ஆகல" என்ற புகார் ஒரே லைனில் மட்டும் வந்தால் அதுதான் காரணம். பட்டன் அழுத்தியதைச் சத்தமாக அனுப்பாமல் தனித் தகவலாக அனுப்பும் செட்டிங் இருக்கும், லைன் கொடுத்தவரிடம் சொல்லி அதைப் போடச் சொல்லுங்கள்.

இதைவிட அதிகமாக நான் பார்க்கும் தப்பு வேறு. சேல்ஸுக்கு 1, சர்வீஸுக்கு 2 என்று மெனு வைப்பார்கள். எக்ஸ்டென்ஷன் நம்பர்களும் 101, 102, 201, 202 என்றிருக்கும். ஒருவர் 1-ஐ அழுத்தினால், இது சேல்ஸா, 101-ன் முதல் இலக்கமா என்று பெட்டிக்குத் தெரியாது. அடுத்த எண் வருமா என்று மூன்று நாலு விநாடி காத்திருக்கும். அந்த நேரம் முழுக்க நிசப்தம். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அவர் மறுபடி 1-ஐ அழுத்துவார். இப்போது பெட்டி 11 என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு நம்பர் இல்லை என்று சொல்லி, வரவேற்பை முதலிலிருந்து ஆரம்பிக்கும். "சுத்திச் சுத்தி அதே பேசுது" என்பது இதுதான். மெனுவில் 1, 2, 3 வேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷன்களை 4-லோ 5-லோ ஆரம்பியுங்கள். அரை நாள் வேலை. விசிட்டிங் கார்டில் எக்ஸ்டென்ஷன் நம்பர் அச்சடித்தாகிவிட்டது என்று மட்டும் சாக்குச் சொல்லாதீர்கள்.

எதையுமே அழுத்தாதவருக்கும் ஒரு வழி வேண்டும். ஐந்து விநாடி பார்த்துவிட்டு நேராக ரிசப்ஷனுக்குப் போகட்டும். மெனுவை இரண்டாம் முறை படிக்க வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை; முதல் முறை அழுத்தாதவர் இரண்டாம் முறையும் அழுத்த மாட்டார்.

சர்வீஸை அழுத்தினார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே மூன்று போன் ஒரு குரூப்பாக இருக்கும். வரிசையாக ஒவ்வொன்றாக அடிக்கலாம், முறை வைத்து மாற்றி மாற்றி அடிக்கலாம், மூன்றையும் ஒரே நேரத்தில் அடிக்க விடலாம். சின்ன ஆபீஸுக்கு மூன்றாவதுதான் நல்லது. கணக்குப் பாருங்கள்: நம் ஊர் மணி "ட்ரிங் ட்ரிங்" என்று இரட்டையாக அடித்து இரண்டு விநாடி நிற்கும், ஒரு சுற்றுக்கு 3 விநாடி. ஒரு போனுக்கு ஆறு சுற்று என்று வரிசையாக வைத்தால் மூன்று போனுக்கு 54 விநாடி. அப்புறம் ரிசப்ஷனுக்கு 18. ஒன்றேகால் நிமிடம் கழித்து வாய்ஸ் மெயில் பேசும்போது அந்தப் பக்கம் ஆள் இருக்க மாட்டார்.

இப்போதுதான் வாய்ஸ் மெயில் உள்ளே வருகிறது. எக்ஸ்சேஞ்ச் பெட்டிக்கு அதுவும் ஒரு எக்ஸ்டென்ஷன் மாதிரிதான். ஆனால் சும்மா அழைப்பை அங்கே தள்ளிவிட்டால் போதாது. கூப்பிட்டவர் யார், அவர் முதலில் யாரைத் தேடினார், அங்கிருந்து ஏன் இங்கே வந்தது என்ற மூன்று சேதியும் கூடவே வர வேண்டும். எடுக்காததாலா, பேசிக்கொண்டிருந்ததாலா, அல்லது அவரே "எல்லாம் பெட்டிக்குப் போகட்டும்" என்று போட்டுவிட்டாரா? இதைப் பொறுத்துத்தான் எந்தக் குரலை ஒலிக்க விடுவது, எந்தப் பெட்டியில் பதிவது என்று அது முடிவு செய்யும். பழைய சிஸ்டங்களில் இந்தச் சேதி பட்டன் சத்தமாகவே உள்ளே போகும், பெரியவற்றில் அதற்கென்று தனி கேபிள் இருந்தது. இன்டர்நெட் முறையில் ஓடும் இப்போதைய ஐபி போன்களில் அழைப்போடு சேர்ந்த எழுத்துத் தகவலாகவே வந்துவிடுகிறது. நடுவில் எங்காவது இந்தச் சேதி தொலைந்தால், சர்வீஸைத் தேடியவருக்குப் பொதுவான "பெட்டி எண்ணை அழுத்தவும்" என்ற குரல் கேட்கும். வாடிக்கையாளருக்கு உங்கள் பெட்டி எண் எப்படித் தெரியும்?

இன்னொரு திருட்டு வழி இருக்கிறது. சர்வீஸ் குரூப்பில் இருக்கும் ஒருவர் தன் சொந்த போனில் "இரண்டு மணி அடித்தால் என் பெட்டிக்கு" என்று போட்டிருப்பார். சில சிஸ்டங்களில் குரூப்புக்கு வந்த அழைப்பையும் அது பிடுங்கிக்கொண்டு போய் அவருடைய பெட்டியில் போட்டுவிடும். மற்ற இரண்டு பேரும் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். குரூப் அழைப்புக்குத் தனி ஆளின் ஃபார்வர்டு செல்லாது என்று ஒரு செட்டிங் இருக்கும். அதைப் போட்டு, கடைசியில் விழுவது சர்வீஸ் பொதுப் பெட்டியிலாகத்தான் இருக்க வேண்டும்.

மொபைலுக்குத் திருப்புகிறவர்களுக்கு இரண்டு விஷயம். 2021 ஜனவரி 15-லிருந்து லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலுக்கும் முன்னால் 0 போட வேண்டும். அதற்கு முன்பே சேர்த்துவைத்த ஃபார்வர்டு நம்பர்கள் பத்து இலக்கத்தோடு அப்படியே கிடக்கும் பெட்டிகளை இப்போதும் பார்க்கிறேன். அடுத்தது, சாதாரண லேண்ட்லைன் வழியாக மொபைலுக்கு அனுப்பும்போது அந்தப் பக்கம் மனிதர் எடுத்தாரா, "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்ற குரல் பேசியதா என்று பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. எடுத்தாகிவிட்டது என்று நினைத்துக் கையைக் கழுவிவிடும். அதனால் மொபைலில் எடுத்தவர் 1-ஐ அழுத்தினால்தான் இணைப்பு, இல்லாவிட்டால் அழைப்பு திரும்பி வந்து பொதுப் பெட்டிக்குப் போகும் என்று வையுங்கள். சேல்ஸ் பையன்கள் முதல் வாரம் முனகுவார்கள், அப்புறம் பழகிவிடும்.

உங்கள் "கொய்ங்" சத்தத்துக்கு வருகிறேன். சாதாரணச் செப்புக் கம்பி லைனில் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார் என்பதைச் சொல்ல அநேகமாக எந்த அடையாளமும் வருவதில்லை. டெலிபோன் கம்பெனியின் எக்ஸ்சேஞ்சிலிருந்து பிஸி டோன் மட்டும் வரும். மனிதர் கேட்டால் வைத்துவிடுவார். மெஷின் அதையும் பேச்சு என்று நினைத்துப் பதிவு செய்துகொண்டே இருக்கும். நம் நாட்டு பிஸி டோன் 400 ஹெர்ட்ஸில் முக்கால் விநாடி ஒலித்து முக்கால் விநாடி நிற்கும். வெளிநாட்டுப் பெட்டிகள் தங்கள் ஊர்த் தாளத்தோடு வரும், இங்கே நாடு 'இந்தியா' என்று மாற்றாமலே மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதை மாற்றினாலே பாதி சரியாகும். லைன் கொடுப்பவரிடம் துருவ மாற்றம் கேட்டுப் பாருங்கள். எடுக்கும்போதும் வைக்கும்போதும் கம்பியின் பிளஸ் மைனஸைப் புரட்டிக் காட்டுவார்கள், பெட்டிக்கு அதைவிடத் தெளிவான சைகை கிடையாது. இரண்டும் இல்லையென்றால், ஐந்து விநாடி நிசப்தம் வந்தால் பதிவை முடி, மூன்று விநாடிக்குக் குறைவான மெசேஜை எறி, இரண்டு நிமிடத்துக்கு மேல் பதியாதே என்று வைத்து ஓட்டலாம்.

இதைச் சின்ன விஷயமென்று விட்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு என் தவறே சாட்சி. பல வருஷம் முன்பு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பள நேரத்தில் அவசரமாக ஒரு சிஸ்டம் மாட்டினேன். ஒரு லைனில் வரும் அழைப்பை இன்னொரு லைன் வழியாக மேனேஜர் மொபைலுக்கு அனுப்பும்படி வைத்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் கூப்பிட்டுப் பேசி வைத்துவிட்டார்கள். வைத்தது பெட்டிக்குத் தெரியவில்லை. நாலு லைனும் ஒன்றுக்கொன்று பிஸி டோனைக் கேட்டுக்கொண்டு திங்கள் காலை வரை பிடித்தபடி இருந்தன. சரக்கு வாங்கும் ஜெர்மனி பையர் மெயிலில் கேட்ட பிறகுதான் தெரிந்தது. மெர்ச்சண்டைசர் அம்மிணி என்னைக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

"ஆளே எடுக்க மாட்டேங்கறாங்க" என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். உங்கள் வாய்ஸ் மெயில் கார்டில் எத்தனை போர்ட் (ஒரு நேரத்தில் ஒரு அழைப்பைக் கையாளும் வழி) என்று பாருங்கள். சின்ன பெட்டிகளில் இரண்டுதான் இருக்கும். வரவேற்பு பேசுவதும் அதுதான், மெசேஜ் பதிவதும் அதுதான், உங்கள் ஆள் மெசேஜ் கேட்பதும் அதே வழியில்தான். ஒருவர் மெசேஜ் சொல்ல, இன்னொருவர் மெனு கேட்க, மூன்றாவதாக வருபவருக்கு வெறும் மணி மட்டும் அடிக்கும். நாலு லைனுக்கு நாலு போர்ட் வேண்டும். அல்லது போர்ட் காலியில்லை என்றால் நேரே ரிசப்ஷனில் மணி அடிக்கட்டும் என்று வையுங்கள்.

லைன் போதுமா என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற டென்மார்க் கணித அறிஞர் 1917-ல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் ஓடுகிறது. சித்திரை வெயிலில் கிணறு வற்றி மோட்டார் புகையும் சீசனில், காலை பத்து முதல் பதினொன்று வரை உங்களுக்கு 30 அழைப்பு, ஒவ்வொன்றும் 3 நிமிடம் என்று வைப்போம். மொத்தம் 90 நிமிடம், அதாவது ஒன்றரை எர்லாங் (ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்க ஓடினால் ஒரு எர்லாங்). நாலு லைன் இருந்தால் நூறு பேரில் ஐந்து பேருக்கு பிஸி கிடைக்கும். ஐந்தாவது லைன் வாங்கினால் அது ஒன்றரையாகக் குறையும். ஆனால் வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்: மெனு, நிசப்தம், வரிசை மணி என்று ஒவ்வொருவரையும் ஒரு நிமிடம் கூடுதலாகச் சுற்ற விட்டால் ஒவ்வொரு அழைப்பும் 4 நிமிடம். அதே நாலு லைனில் இப்போது நூற்றில் ஒன்பது பத்துப் பேருக்கு பிஸி. வழியைச் சுருக்கினாலே ஒரு லைன் வாங்கினதில் பாதியாவது மிச்சம். நீங்கள் அதே லைனில் வெளியே போன் பண்ணுவதை இதில் நான் சேர்க்கவே இல்லை.

சேமிக்கும் இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சுருக்காத டெலிபோன் குரல் விநாடிக்கு 64 கிலோபிட், நிமிடத்துக்கு அரை எம்பிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஜிபியில் 34 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். கேட்க ஆள் இருக்கிறாரா என்பதுதான் பஞ்சம். போனில் சிவப்பு விளக்கு எரியும், எடுத்தால் டயல் டோன் விட்டு விட்டு வரும், அல்லது மெயிலுக்கு ஆடியோவாக வரும். மூன்றும் இருந்தும் கேட்காத ஆபீஸ்கள் உண்டு, ஏனென்றால் பொதுப் பெட்டி யாருடைய வேலையும் இல்லை. ஒரு பெயரைப் போடுங்கள். காலையில் வந்ததும் கேட்பவர் இவர், இவர் லீவு என்றால் அவர்.

நம் ஜனங்கள் மெஷினிடம் பேச மாட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். "பீப் வந்ததுமே வெச்சுட்டனுங்க, அதுகிட்ட என்னத்தப் பேசறது" என்பார்கள். வயசானவர்கள் பாவம், பதில் வரும் என்று காத்திருப்பார்கள். கேள்வியாகக் கேட்டால் கொஞ்சம் பேசுகிறார்கள் என்பது என் அனுபவம். பல்லடத்தில் ஒரு மோட்டார் டீலர் கடையில், ஸ்டூடியோக் குரலை எடுத்துவிட்டு அங்கே சர்வீஸ் பார்க்கும் அண்ணனையே பேச வைத்தேன்: "வணக்கமுங்க. ஆபீஸ்ல ஆளில்லீங்க. உங்க பேரு, ஊரு, மோட்டார் எத்தன எச்பி, என்ன ஆச்சுன்னு சொல்லுங்க. காலைல ஒம்பதரைக்குள்ள நாங்களே கூப்படறமுங்க." அவர் குரல் எல்லோருக்கும் தெரியும். மெசேஜ் விழத் தொடங்கியது. ஒன்பதரை என்று சொன்னால் ஒன்பதரைக்குக் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தடவை பேச மாட்டார்கள்.

பேசாமல் வைத்தவர்களுக்குத்தான் அந்த நம்பர் பதிவு. மெசேஜ் எண்ணிக்கையைவிட, எடுக்கும் முன்பே வைத்துவிட்டவர்களின் பட்டியலைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நம் ஊரில் மிஸ்டு காலே ஒரு மெசேஜ். தினமும் இரண்டு வேளை அந்தப் பட்டியலை எடுத்துத் திருப்பிக் கூப்பிடுங்கள். ராத்திரியில் மும்முனை கரண்ட் வந்து மோட்டார் எடுக்காமல் கூப்பிட்டவர் அதில் இருப்பார்.

நேரத்துக்குத் தகுந்த வழி தனியாக வேண்டும்: பகல், மதியச் சாப்பாடு, இரவு, ஞாயிறு, பண்டிகை. இதில் தானாக மாறுவதோடு ரிசப்ஷனில் கையால் மாற்றும் பட்டனும் ஒன்று வையுங்கள். தீபாவளிக்கு எத்தனை நாள் லீவு என்பது முதலாளிக்கே முந்தின நாள்தான் தெரியும். மாசி மாதம் வரை "பொங்கல் விடுமுறை" என்று பேசிக்கொண்டிருந்த ஒரு பெட்டியை நானே நிறுத்தியிருக்கிறேன். ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இன்னும் ஒன்று. குளிர்காலத்தில் ஜெர்மனியில் மாலை 3 மணி என்றால் நமக்கு இரவு ஏழரை. அந்த நேரத்துக்கு பையர் நம்பர்கள் மட்டும் மெனு இல்லாமல் நேராக ஒரு மொபைலுக்குப் போகும்படி வைக்கலாம்.

பாஸ்வேர்டு 1234 என்றே இருந்தால் இன்றே மாற்றுங்கள். வாய்ஸ் மெயில் பெட்டிக்குள் நுழைந்து அங்கிருந்து வெளியே டயல் செய்யும் வசதி சில சிஸ்டங்களில் உண்டு. யாரோ ராத்திரி முழுக்க உங்கள் செலவில் ஐஎஸ்டி பேசிவிட்டுப் போவார்கள். அந்த வசதியை அடைத்துவிடுங்கள், ஐஎஸ்டியையும் தேவையான எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும் திறந்து வையுங்கள்.

எல்லாம் மாற்றிய பிறகு மாட்டிய ஆளை உடனே அனுப்பிவிடாதீர்கள். வெளியே டீக்கடையில் நின்று உங்கள் மொபைலிலிருந்து கூப்பிடுங்கள். எதையும் அழுத்தாமல் ஒரு தடவை, தப்பான எண்ணை அழுத்தி ஒரு தடவை, சர்வீஸில் யாரும் எடுக்காமல் ஒரு தடவை, மெசேஜ் பாதியில் போனை வைத்து ஒரு தடவை. நாலு மொபைலில் நாலு லைனையும் பிடித்து வைத்துவிட்டு, ஐந்தாவதிலிருந்து ஒரு தடவை.